மரைக்கேயின் தொப்பி

ஜீப் பின்னால் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி கறுத்த ஜீப். நம்பர் பலகை கிடையாது.

ஒதீலியா திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மாதமாக அந்த இன்ஜின் சத்தத்தை அவள் காதால் கேட்பதில்லை, வயிற்றால் கேட்கிறாள்.

அவளுக்கு இரண்டடி பின்னால் மரைக்கேயின் அகன்ற வைக்கோல் தொப்பி வந்தது. அதற்கடியில் பொன்னிறச் சடை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் பெண்கள் சங்கத்தில் இருவரைச் சுட்டுப் போட்ட பிறகுதான் ஹாலந்திலிருந்து மரைக்கே குவாத்தமாலாவுக்கு வந்தாள். ஆயுதம் கிடையாது. கூடவே நடப்பாள், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரி பக்கத்தில் இருந்தால் சுட யோசிப்பார்கள். அவள் செத்தால் கேட்க ஒரு தூதரகம் உண்டு.

ஒதீலியாவின் சட்டைக்குள் ஆட்கொணர்வு மனு வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

கணவனைக் கொண்டுபோய் ஒரு வருடம். மகள் அராசெலியைக் கொண்டுபோய் இருபத்தாறு நாள். ராணுவ முகாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் போன வெள்ளிக்கிழமை அவளை உயிரோடு பார்த்திருக்கிறான். மனு பதிவாகிவிட்டால் நீதிபதி இன்றே முகாமுக்குப் போய்க் கதவைத் திறக்கச் சொல்லலாம்.

இன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்துப் புதன். பன்னிரண்டு மணிக்கு மூடினால் நீதிமன்றம் திங்கட்கிழமைதான் திறக்கும்.

திங்கட்கிழமையைப் பற்றி ஒதீலியா நினைக்கவில்லை. நினைத்தால் கால் நடக்காது.

மூலையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "என்னக்கா, உங்க வெள்ளைக்காரி பாதியா இளைச்சிட்டா? பட்டினி போட்டே புரட்சி பண்றீங்களா?"

ஒதீலியா சிரித்து வைத்தாள். சிரிக்காமல் போனால் ஜீப்புக்கு அது தெரியும்.

அடுத்த தெருவில் பவனி குறுக்கே வந்துவிட்டது. ஊதா அங்கி போட்ட ஆண்கள், சிலுவை சுமந்த ஆண்டவரின் சுரூபத்தைத் தோளில் தாங்கி அசைந்து அசைந்து வந்தார்கள். சாம்பிராணிப் புகை. ஓர் அடி முன்னால், அரை அடி பின்னால். ஒதீலியா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தைந்து.

ஜீப்பும் நின்றது.

மரைக்கேக்குச் சாமி கிடையாது. மோட்சத்துக்கு டிக்கெட் எடுக்காதவள் என்று சங்கத்துப் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள். எந்தக் கோயில் வாசலிலும் எந்தப் பவனியிலும் சிலுவைக்குறி போட அவள் கை உயர்ந்ததில்லை. அது சங்கத்துக்குத் தெரியும். ஜீப்பில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

சுரூபம் எதிரே வந்தது.

தொப்பிக்கடியில் ஒரு கை உயர்ந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கடைசியில் பெருவிரலுக்கு ஒரு முத்தம். கண்ணிமைக்கும் நேரம். அவ்வளவு பழகிய கை.

ஜீப்பின் கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு இறங்கியது.

ஒதீலியா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். வெளிநாட்டவரிடம் எல்லோரும் பேசுகிற மாதிரி, செவிடரிடம் கத்துகிற மாதிரிச் சொன்னாள்.

"இவ்வளவு வேகம் ஆகாது கண்ணு. மெதுவா. நெத்தி... நெஞ்சு... இந்தத் தோள். ஆறு மாசமா தலைப்பாடா அடிச்சுக்கறேன், இன்னிக்குத்தான் வழிக்கு வந்திருக்கே."

ஊதா அங்கிக்காரர் ஒருவர் சிரித்தார். ஒரு கிழவி "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றாள்.

கண்ணாடி மெதுவாக ஏறியது.

ஒதீலியா பிடியை விடவில்லை. இதே கையைப் பிடித்து இதே நான்கு இடங்களை அவள் முதன்முதலாகத் தொட்டுக் காட்டியபோது தங்கை தெல்மிக்கு மூன்று வயது.

வீட்டில் வெளுப்பாகப் பிறந்தவள் தெல்மி ஒருத்திதான். சுண்ணாம்பு என்று அவளைக் கூப்பிட்டு அழவைத்ததும் ஒதீலியாதான்.

உண்மையான மரைக்கே சங்கத்தின் பின்னறையில் டெங்கு காய்ச்சலில் கிடந்தாள். துணைக்கு வரும் மற்ற வெளிநாட்டுத் தோழிகள் மலைக்கிராமங்களில் இருந்தார்கள். காலையில் மரைக்கே இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் விழுந்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கித் தன் சடையைத் தானே வெட்டிக் கொடுத்தாள். சங்கத்துப் பெண்கள் அதைத் தொப்பியின் உள்விளிம்பில் தைத்தார்கள். மரைக்கேயின் காலணி தெல்மிக்குப் பெரிதாக இருந்தது. முனையில் பழைய செய்தித்தாளைத் திணித்தார்கள்.

நீதிமன்றப் படியை எட்டியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு.

காவலாளி தடியை நீட்டி மறித்தான். "மனு கொண்டு வந்த ஆள் மட்டும் உள்ளே. வெள்ளைக்காரி வெளியே உட்காரட்டும். தினமும் பாட்டு பாடணுமா நான்?"

தினமும்தான். மரைக்கே தினமும் அந்தப் படியில்தான் உட்கார்ந்து காத்திருப்பாள்.

சடையை யோசித்திருந்தார்கள், காலணியை யோசித்திருந்தார்கள். வருகிற வழி முழுவதையும் யோசித்திருந்தார்கள். தெல்மி தனியாக உட்கார வேண்டிய இந்தப் படியை யாருமே யோசிக்கவில்லை.

தெருவின் அந்தப் பக்கம் ஜீப் வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை.

தெல்மி செத்தால் கேட்க எந்தத் தூதரகமும் இல்லை.

ஒதீலியா அசையவில்லை. உள்ளே யாரோ ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒன்று. இன்னொன்று.

தெல்மி எதுவும் பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். மரைக்கே செய்வதுபோலவே முழங்காலை அகட்டிப் படியில் உட்கார்ந்தாள். அக்காவைப் பார்க்காமல், கதவுப் பக்கம் முகவாயை மட்டும் ஒரு தடவை அசைத்தாள்.

ஒதீலியா உள்ளே போனாள்.

கதவு மூடுவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள். தங்கை கேமராவை இரண்டு கையாலும் கண்ணுக்குத் தூக்கி, நேராக ஜீப்பைப் பார்த்துப் பிடித்திருந்தாள்.

லென்ஸின் கறுப்பு மூடியை அவள் கழற்றியிருக்கவில்லை.