கதவளவு பட்டன்

செயலிகளில் மக்கள் தொடும் திரைகளுக்குப் பதினாறு வருடமாக நிரல் எழுதிவருபவள் மங்களேஸ்வரி. அவளிடம் மேலாளர் சொன்னார்: "சந்தாவை ரத்து செய்யிற பட்டனை மங்கலாக்கிடுங்க மேடம். தேடினாலும் கிடைக்கக் கூடாது. உங்க புரமோஷனும் இந்த மாசந்தான் பேசறாங்க."

அவள் மவுஸைக் கழற்றி டிராயருக்குள் போட்டாள். கண்ணை மூடி, கீபோர்டை மட்டும் தட்டி, கணினி திரையை வாசித்துச் சொல்லக் கேட்டபடி பக்கத்தைக் கடந்தாள். ஞாயிறுகளில் பார்வையற்றோர் பள்ளிக்கு நூலகச் செயலி செய்துகொடுத்ததில் வந்த பழக்கம் அது. ரத்து பட்டன் வந்ததும் கண்ணைத் திறந்தாள். அதைப் பெரிதாக்கினாள், கறுப்பாக்கினாள், மேலே ஏற்றினாள்.

மறுநாள், இயக்குநர்கள் முன்னால், கூட்ட அறைச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தப் பட்டன் ஒரு கதவளவுக்கு நின்றது.

"யாரு பார்த்த வேலை இது?" என்றார் மேலாளர்.

"நான்தான் சார். அழுத்திப் பாருங்க, நல்லா வேலை செய்யுது."