முத்திரை இருந்தால் சரி

அமெரிக்காவில், பார்சிப்பனியில் மகன் வீட்டுக்கு வந்திருந்த பிச்சுமணி, முத்திரை பார்க்காமல் எந்தப் பொட்டலத்தையும் பிரிப்பதில்லை. 'பாரெவ்' என்ற யூத முத்திரை இருந்தால் உள்ளே கறியும் இல்லை, பாலும் இல்லை என்று மருமகள் ஸ்ம்ருதிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"அவாளோட குரு, அந்த ரபி, நம்ம சாஸ்திரிகளைவிடக் கறார். அவர் சொல்லிட்டா அப்பீலே கிடையாது!" என்று வாக்கிங் நண்பர்களிடமெல்லாம் சிலாகிப்பார்.

அன்று ஃப்ரிட்ஜில் பெயரில்லாத வெள்ளைப் பொட்டலம் ஒன்று இருந்தது. மூலையில் முத்திரை. உடனே குருமா வைத்துவிட்டார்.

ஸ்ம்ருதி ஆபீஸிலிருந்து வந்தபோது, சப்பாத்தியோடு பாதிக் கிண்ணம் காலியாகியிருந்தது.

"இந்த மீல்மேக்கர் பஞ்சு மாதிரி இருக்கும்மா! எந்தக் கடை?"

அவள் முகம் வெளிறியது.

"அப்பா, அது கடையில வாங்கினது இல்லை. எங்க ஆபீஸ் லேப் சாம்பிள். முட்டையிலேர்ந்து செல் எடுத்து, டேங்க்ல வளர்த்த சிக்கன்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"சிக்கனா? அப்போ இந்த முத்திரை?"

"கோழியை வெட்டவே இல்லையே, அதனால இது கறியில்லைன்னு ரபி போன வாரம் அப்ரூவ் பண்ணிட்டார். நான்தான் ரெண்டு வருஷமா அவர்கிட்ட வாதாடினேன். ஸாரிப்பா."

பிச்சுமணி பொட்டலத்தைப் பார்த்தார். குருமாவைப் பார்த்தார்.

"ரபியே சொல்லிட்டாரா?"

"ஆமாம்பா."

கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் ரெண்டு துண்டு போடு. அவரே கறியில்லைங்கறார், சிக்கன்னு சொல்ல நீ யாரும்மா?"