நத்தையைத் தூக்கிவிடும் விழா

மைனாக்களின் சேவைச் சங்கம் ஞாயிறுதோறும் வேப்பமரத்தில் கூடும். இந்த வாரப் பணி, வெயில் ஏறுவதற்குள் மரத்தடி நத்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாதைக்கு அப்பாலுள்ள கீரைப்பாத்தியில் விடுவது. தலைவர் மைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை எல்லாம் அமர்க்களமாக நடந்து முடிந்தன. கீழே பார்த்தால் நத்தையைக் காணோம்! தலைவருக்குப் பகீரென்றது.

"இங்க இருக்கேன் தலைவரே!" பாத்தியில் கீரையை மென்றபடியே கூப்பிட்டது நத்தை. "நானே வந்துட்டேன்."

அப்பாடா என்றிருந்தது தலைவருக்கு. ஆனாலும் இழுத்தார். "தூக்குற மாதிரி ஒரு போட்டோ வேணுமே... கொஞ்சம் மரத்தடிக்குத் திரும்பிப் போறீங்களா அண்ணே?"

"அதுக்கென்ன, நன்றியுரையை ஆரம்பிங்க," என்று சிரித்தது நத்தை. "அது முடியறதுக்குள்ள போயிட்டுத் திரும்பியே வந்துடுவேன்."