எலும்புப் படம்

“இடுப்புல கட்டியிருக்கிற தாயத்தக் கழத்துங்கம்மா. செம்புத் தகடு படத்துல விழுந்துரும்” என்றார் கம்பவுண்டர்.

சீனியம்மாள் திரும்பிப் புருஷன் வெள்ளைத்துரையைப் பார்த்தாள். உயிரே போனாலும் கழற்றக் கூடாது என்று சொல்லிப் பேயோட்டிய கோடாங்கி கட்டிவிட்டது அது. கட்டி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

“கழத்தாம முடியாதாய்யா?” என்று கேட்டார் அவர்.

“உங்களுக்கு எலும்பு தெரியணுமா, தகடு தெரியணுமா?”

வெள்ளைத்துரையே முடிச்சை அவிழ்த்தார். அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

1939 சித்திரை. சமயநல்லூரில் ரயிலேறி மதுரைக்கு வந்ததே, அவளால் இனி ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது என்று ஆனபிறகுதான். இடது இடுப்பில் வலி. வாதமாக இருக்கும், மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். உள்ளே கிடக்கிற எலும்பே படத்தில் விழும் என்றால், அவளைப் பிடித்திருக்கும் பேயும் விழுந்துவிடுமோ என்பதுதான் வெள்ளைத்துரையின் பயம்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் சீனியம்மாள் நிறைமாசமாக இருந்தாள். மூன்று நாள் வலி கண்டது. நான்காம் நாள் நின்றுபோனது. பிள்ளை பிறக்கவில்லை. வயிறு மட்டும் மாசக்கணக்கில் மெல்ல மெல்ல வற்றியது.

பேய் தின்றுவிட்டது என்றது ஊர். “பிள்ளைய எங்க வச்சிருக்க?” என்று கேட்டுக் கேட்டுக் கோடாங்கி வெள்ளிக்கிழமைதோறும் புளிய விளாறால் அடித்தார். “எங்கயும் போகல, எங்கிட்டத்தான் இருக்கு” என்றாள் அவள். பேசுவது பேய்தான் என்று நம்பி, அவள் திமிறாதபடி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டவர் வெள்ளைத்துரை. மூன்றாவது வெள்ளிக்கிழமை அவள் வாயை மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுவருஷம் அவர் அன்னக்கொடியை இரண்டாந்தாரமாகக் கட்டினார். அன்னக்கொடிக்கு நாலு பிள்ளைகள். நாலையும் குளிப்பாட்டி வளர்த்தது சீனியம்மாள்தான்.

டாக்டர் கூப்பிட்டார். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

“மூட்டு தேஞ்சுதான் இருக்கு. அதுக்கு வைத்தியம் பார்க்கலாம்.” அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இவங்களுக்கு எத்தனை குழந்தைங்க?”

“இவளுக்கு இல்லய்யா.”

டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, உரித்த தேங்காய் அளவில், வெள்ளையாக ஒரு மண்டையோடு. கோத்த பாசிமணி மாதிரி வளைந்த முதுகெலும்பு. மடக்கி வைத்த இரண்டு சின்ன முழங்கால்கள்.

“குழந்தை கர்ப்பப்பைக்கு வெளியில வளர்ந்திருக்கு. பிறக்க வழியில்லாம உள்ளேயே இறந்து, கல்லா இறுகிப்போச்சு.”

வெள்ளைத்துரை தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அடுத்த அறைக்குள் போனார்.

சீனியம்மாள் இன்னும் மேசைமேல்தான் படுத்திருந்தாள். டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் முகத்தையே பார்த்துக் கிடந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையாங்க?”