ஓரகத்தி வயலில் மாடு

ஏழாவது ஊரடங்கிலும் சந்தை திறக்கவில்லை. நகரத்து வீடுகள் வயலில் வைத்த கேமரா வழியே பார்த்து, காய் வாங்க வீட்டுக்கொரு விவசாயியைத் தேர்ந்தெடுத்தன. ட்ரோன் வந்து காய்களைத் தூக்கிப்போனது.

செண்பகவல்லிக்குக் கேமரா முன்னால் பேச்சு வராது. அவள் கத்தரிக்காய் வாங்க ஆளில்லாமல் செடியிலேயே முற்றியது. பக்கத்து வயல் ஓரகத்தி பொன்மணியோ சிரித்துப் பேசியே அறுபது வீடு பிடித்திருந்தாள்.

வயிறு எரிய, ஒருநாள் காலையில் செண்பகவல்லி தன் மாட்டை அவிழ்த்து அவள் வயலுக்குள் விட்டாள்.

மதியம் பொன்மணி ஓடிவந்தாள்.

"யக்கா, ரெண்டு பாத்தி போச்சு, போகட்டும். மாடு மேயுறதப் பாத்து டவுன் புள்ளைங்களுக்கு ஒரே குஷி! இருநூறு வீட்ல பால் கேக்குறாங்க!"

"என் மாட்டுப் பாலா?"

"ஆமா. ஆனா மாடு என்கூட நின்னாத்தான் வாங்குவாங்களாம்."

மறுநாள் செண்பகவல்லி மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துப் பொன்மணி வயலுக்குக் கூட்டிப்போனாள். கேமரா பார்க்க, மாடு பொன்மணியின் கையை நக்கியது.