கால்வட்டம்

அந்த வீட்டில் ஒரு கதவும் மூடியிருக்கவில்லை. ஒவ்வொரு கதவின் காலிலும் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. குளியலறைக்குக் கதவே இல்லை. பழைய போர்வை ஒன்று திரையாகத் தொங்கியது.

"என்னம்மா, கதவுமேல இவ்வளவு கோபம்? அப்புறம் தச்சன் பொழைக்கிறது எப்படி?" சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார் தச்சு மேஸ்திரி. தையல்காரம்மா சிரிக்கவில்லை.

மேஸ்திரிக்கு நான்கு மாதமாக உருப்படியான வேலை இல்லை. புது வீடு, அத்தனை கதவு ஜன்னலும் ஒரே ஆளுக்குத்தான் என்று அவள் சொல்லியனுப்பியதும், சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தார். இதை விட்டால் அடுத்தது எப்போதோ. அந்த ஊரில் அவர் கதவு மாட்டிய வீடுகளுக்குக் கணக்கில்லை; எது எதென்று நினைவிலும் இல்லை.

அவள் தையல் மெஷின்மேல் வீட்டுப் படத்தை விரித்தாள். மடித்து மடித்து நான்காகக் கிழிந்து, பின்பக்கம் துணி கொடுத்துத் தைத்த தாள்.

"படம் படிக்கத் தெரிஞ்சவருக்குத்தான் வேலை. எனக்கு உடம்பு அளவுதான் தெரியும், வீட்டு அளவு தெரியாது. நீங்க சொல்லுங்க."

"பழைய படமா இருக்கே?"

"இடிச்சுட்டு அதே வீட்டைத் திரும்பக் கட்டப் போறேன். அன்னிக்கு எல்லாத்தையும் என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கிட்டார். நான் வேலை நடக்குற பக்கம் போகவே இல்ல."

"கவலைய விடுங்கம்மா. பிளானைக் கரைச்சுக் குடிச்சவன் நான்." காதிலிருந்த பென்சிலை உருவினார்.

"குறிக்காதீங்க. ஏற்கெனவே குறிச்சிருக்கு."

உண்மைதான். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் மங்கலாக ஒரு டிக். அதன் காலடியில் ஒரு புள்ளி. வேலை முடிய முடிய எவனோ குறித்துக்கொண்டே போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"இங்க டி போட்டிருக்கா, அது கதவு. டபிள்யூ ஜன்னல். மூணுக்கு ஏழுன்னா முதல்ல அகலம், அப்புறம் உயரம். மாத்திப் படிச்சா தவழ்ந்துதான் போகணும்."

"ஜன்னல் நாலுக்கு நாலுன்னு இருக்கே, தரையிலேர்ந்தா?"

"தரையிலேர்ந்து மூணு அடி சுவரு. அதுக்கு மேலதான் ஜன்னல். இதோ, ஓரத்துல எழுதியிருக்கு பாருங்க."

"குளியலறைக்கு?"

"ரெண்டரைக்கு ஏழு. ஆனா ரெண்டரை அடியும் ஆளு போற வழி இல்ல. நிலைக்கட்டை ரெண்டு பக்கமும் மும்மூணு அங்குலம் தின்னுரும். மிச்சம் ரெண்டே அடி."

"நாங்க தையலுக்குத் துணி விடுற மாதிரி."

"அதேதான்! நீங்களே பாதி மேஸ்திரிம்மா."

போர்வைக்குப் பின்னால் டக், டக் என்று சத்தம் கேட்டது. அவள் சட்டென்று எழுந்து நின்றாள். "யாரோ தட்டுறாங்களா?"

"குழாய் சொட்டுதும்மா. கீழே வாளி இருக்கும்."

சத்தம் நிற்கும்வரை அவள் உட்காரவில்லை. பிறகு வந்து, குளியலறைக் கதவின்மேல் இருந்த வளைந்த கோட்டில் விரலை வைத்தாள். "இது என்ன, பிறை மாதிரி?"

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளை எடைபோடும் கேள்வி இதுதான் என்று அவருக்குப் பட்டது.

"இதுதாம்மா சூட்சுமம். கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு சொல்ற கால்வட்டம். வட்டம் வெளியே இருந்தா வெளியே திறக்கணும். இன்ஜினியர் வெவரமான ஆளு. நாலுக்கு ஆறு குளியலறை. உள்ளே ஒருத்தர் மயங்கி விழுந்தா கதவு அவர் உடம்புலதான் முட்டும். அதான் வெளியே திறக்குற மாதிரி வரைஞ்சிருக்கார்."

"இதெல்லாம் எல்லா மேஸ்திரிக்கும் தெரியுமா?"

"தெரிஞ்சவனும் செய்ய மாட்டான். வெளியே கை கழுவுற தொட்டி இடிக்கும்னு வைங்க, வேலை மிச்சம்னு நிலையைத் திருப்பி உள்பக்கமா மாட்டிட்டுப் போயிருவான். கதவு மூடுது, திறக்குது, யாரு கேக்கப் போறா?" தொழில் ரகசியத்தைச் சொன்ன குஷியில் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"அப்படி மாட்டி, உள்ளே ஆளு விழுந்துட்டா, எவ்வளவு திறக்கும்?"

"நாலு விரல்கூடத் திறக்காது."

"மூணு விரல்," என்றாள் அவள். "மூணு விரல் திறந்துச்சு. உள்ளே கையை விட்டேன். அவரோட தலைமுடி தட்டுப்பட்டுது. உள்ளேயிருந்து அவர் தட்டிக்கிட்டே இருந்தார், நான் வெளியேயிருந்து தள்ளிக்கிட்டே இருந்தேன். கோடாலியோட ஆளு வர்றதுக்குள்ள தட்டுறது நின்னுருச்சு."

மேஸ்திரி போர்வையையும் செங்கற்களையும் இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"எந்தப் படுபாவிம்மா அவன்? கை வெளங்குமா அவனுக்கு? நான் மாட்டித் தர்றேன், பாருங்க. படத்துல உள்ளபடி, வெளியே."

குறிக்கக் கூடாதென்று அவள் சொன்னது மறந்துபோனது. வாக்குக் கொடுக்கிற வேகத்தில் அந்தக் கால்வட்டத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். பழகிய கை, தானாகவே அதன் காலடியில் ஒரு புள்ளி வைத்தது.

பழைய டிக்கும் புதிய டிக்கும் ஒட்டிப் பிறந்த இரட்டைபோல அருகருகே இருந்தன. பென்சில் உருண்டு தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

போர்வைக்குப் பின்னால் மறுபடி டக், டக் என்றது. இந்த முறை எழுந்து நின்றவர் மேஸ்திரி.

அவள் படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"உங்களுக்குப் படம் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் மேஸ்திரி, இத்தனை வருஷமா உங்களை மன்னிச்சு வச்சிருந்தேன்."