ஆறாத சூடு

தம்பி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

தாழ்ப்பாளை விரலால் தாங்கிப் பிடித்து, ஓசை வராமல் போட்டான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அக்கா தலையை மட்டும் அசைத்தாள். இருவர் கண்களும் ஒருமுறை நடு அறைப் பக்கம் போய்த் திரும்பின.

அப்பாவின் அறை. கதவு சாத்தியிருந்தது.

மேசைமேல் கம்பளித் துணி விரித்திருந்தது. தட்டு வைத்தால் சத்தம் வரக்கூடாது. ஒரு கரண்டி கீழே விழுந்ததற்காக அம்மாவின் முன்பல் உடைந்த நாளில் விரித்த துணி. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். துணி இருக்கிறது.

திரையில், ரேடியோ தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலம் ஒன்று. நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து இரு பக்கமும் பீய்ச்சியடித்த தாரைகள் பெரிய பலூன்களாக ஊதி நின்றன. அத்தனை பெரிய மண்டலத்தில் அந்தக் கருந்துளை கண்ணில் படாத தூசு. ஆனால் அதன் தாரை, எங்கோ ஓரத்தில் கிடக்கும் வாயுவைக்கூடக் கொதிக்க வைத்துவிடும். வாயு குளிர்ந்து ஒடுங்கினால்தான் புது விண்மீன் பிறக்கும். இங்கே பிறப்பதே இல்லை. இருப்பதெல்லாம் கிழடு தட்டிய சிவப்பு விண்மீன்கள்.

'கருந்துளை இன்னமும் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது' என்றுதான் அக்கா தன் ஆய்வுக் கட்டுரையை முடித்திருந்தாள்.

தம்பி நாற்காலியை இழுக்கவில்லை, தூக்கி வைத்தான். அவள் காதருகே குனிந்தான்.

"ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வரட்டுமாக்கா? எத்தனை நாளைக்குத்தான் பஸ் ஸ்டாப்புலயே வச்சுப் பேசி அனுப்புறது? இந்த வாரமும் இல்லன்னா அவ வீட்டுல வேற இடம் பாத்துடுவாங்க."

அவனோடு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். வாய்விட்டுச் சிரிப்பாளாம். கடை வாசல் வரைக்கும் கேட்குமாம்.

இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு. நினைத்ததுமே அக்காவின் கண் நடு அறைக் கதவுக்குப் போனது. எப்போதும் சொல்லும் பதிலைச் சொல்ல வாயெடுத்தாள். கொஞ்ச நாள் போகட்டும்டா.

கைபேசி துடித்தது. அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று பேசினாள். ஆய்வகத் தோழி.

"புதுப் படம் அனுப்பியிருக்கேன், நடுவுல பாருடி. தாரை நின்னு எவ்வளவோ காலமாச்சு. நீ பாத்துட்டு இருக்கிறது பழைய சூடு. பாத்திரம் கொதிக்குதுன்னா அடுப்பு எரியுதுன்னே முடிவு கட்டிட்டியா? ஏன்டி குசுகுசுன்னு பேசுற?"

அவள் இணைப்பைத் துண்டித்துக் குழாயை மூடினாள்.

மேசைக்கு வந்து புதுப் படத்தைப் பெரிதாக்கினாள். பலூன்கள் இருந்தன, மங்கலாக. தாரை இருக்க வேண்டிய நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. உலையை மூட்டியது எப்போதோ ஓய்ந்துவிட்டது. வாயுவுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

எழுந்தாள். நடு அறையை நோக்கி நடந்தாள். தம்பி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் நிற்கவில்லை.

கதவு இறுகியிருந்தது. தோளால் தள்ளியதும் கிறீச்சென்று திறந்தது. அடி விழப்போகிறவர்களைப் போல இருவரும் ஒரே சமயத்தில் கழுத்தைக் குறுக்கிக்கொண்டார்கள்.

கட்டிலில் சுருட்டிக் கட்டிய மெத்தை. அதன்மேல் தூசி. சுவரில் வெறும் ஆணி.

போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை நேரே கொண்டுபோய் அடக்கம் செய்தவர்கள் இவர்கள் இருவரும்தான். அன்று வீடு திரும்பியபோதும், வாசலிலேயே நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள்.

"கூட்டிட்டு வாடா," என்றாள் அக்கா. குரல் சற்று உரக்கவே வந்துவிட்டது.

தம்பி வெறும் கட்டிலைப் பார்த்தபடியே, சட்டென்று அவள் வாயைப் பொத்தினான்.